தண்டோராவைச் சாய்த்தது யார்?

மாரிசெல்வி பால் பாக்கெட் வாங்கினால் முதலில் தேதியைப் பார்ப்பாள். பிறகு முகர்ந்து பார்ப்பாள். அதற்குப் பிறகும் திருப்தி வராமல் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பாள். அவள் கணவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ஹைவேயில்தான் இருப்பார். வீட்டில் இருக்கிற நாளில் அவர் சொல்வது இது: "இவளுக்கு முன்னால சாமியே வந்து நின்னாலும் ஆதார் கார்டைக் காட்டுன்னு கேப்பா."

கேட்டால்தான் என்ன தப்பு? கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கென்று கிளம்பி வந்தவள் அவள். பெர்மனென்ட் வேலை என்று சத்தியம் செய்து பஸ் ஏற்றிவிட்ட ஏஜெண்ட், அவள் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியபோது போனை அணைத்து வைத்திருந்தான். கிடைத்த முதல் கம்பெனி ஒரு திங்கட்கிழமை கேட்டில் 'இன்று விடுமுறை' என்று எழுதி ஒட்டியது. அந்த விடுமுறை இன்றுவரை முடியவில்லை. ஹாஸ்டலில் சோப்பிலிருந்து செருப்புவரை காணாமல் போனது. இப்படி வாழ்ந்தவளைப் பார்த்து, எல்லோரையும் நம்பு தாயி என்று சொல்ல நமக்கு வாய் வருமா? சூடு கண்ட பூனை அது.

ஆனால் அந்தக் குணமே அவளுக்குச் சோறும் போட்டது. அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தாள். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சிஸ்டம் பிரிவில் சேர்ந்தாள், பெர்மனென்ட் ஆனாள். எந்திரம் பச்சை விளக்குக் காட்டினால் மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். மாரிசெல்வி மட்டும், இது எதற்குப் பச்சையாக எரிகிறது என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். அப்படி நின்று அவள் பிடித்த கோளாறுகள் ஏராளம். பிளான்ட் மேனேஜர் முனிரத்தினம், "யாரையும் நம்பாத பொண்ணும்மா நீ, அதனாலதான் உன்னை நம்புறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கம்பெனியில் எந்திரங்கள் ஒன்றோடொன்று சேதி பரிமாறிக்கொள்ள ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. அதை அமைத்துக் கொடுத்தவர்கள் வைத்த பெயர் வாயில் நுழையாததால் எல்லோரும் தண்டோரா என்று கூப்பிட்டார்கள். போல்ட் முடுக்கும் எந்திரம் 'என் வேலை முடிந்தது' என்று தண்டோராவிடம் சொல்லும். அந்தச் சேதி எனக்கு வேண்டும் என்று யார் யார் முன்கூட்டியே பதிந்து வைத்திருக்கிறார்களோ, அவர்களுக்கெல்லாம் தண்டோரா அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அடுத்த எந்திரத்துக்கு, ஸ்டோருக்கு, தலைக்கு மேலே தொங்கும் டிவி போர்டுக்கு, லைன் லீடர்கள் கையில் வைத்திருக்கும் டேப்லெட்டுக்கு. வாட்ஸ்அப் குரூப் மாதிரிதான், காலை வணக்கப் பூப்படம் மட்டும் வராது.

தண்டோரா விழுந்தால் எந்திரங்களுக்குக் காது அடைத்துவிடும். முந்தைய எந்திரம் முடித்த சேதி வராமல் அடுத்தது அசையாது. லைன் அப்படியே நிற்கும். மறுபடி எழுப்பிவிட்டால், தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி ஒன்றும் நடக்காததுபோல் வேலை பார்க்கும். பள்ளிக்கூடம் திறந்த மாதத்திலிருந்து இது அடிக்கடி விழ ஆரம்பித்தது. ஒரு வாரம் ஒழுங்காக ஓடும். அடுத்த வாரம் அடுத்தடுத்த நாளில் விழும். எப்போது விழுந்தாலும் காலை ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில்தான். தினமும் விழுந்தாலாவது காத்திருந்து பிடிக்கலாம். சாஃப்ட்வேர் போட்ட கம்பெனிக்காரர்களைக் கேட்டால், எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரே பாட்டு.

பாகங்களை வாங்கும் கார் கம்பெனி கடுமையாகப் பேசிய அன்று முனிரத்தினம் மாரிசெல்வியைக் கூப்பிட்டார். அவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். கோபம் வந்தால் படிப்பும் பதவியும் பின்னால் போய் ஊர்ப்பேச்சு முன்னால் வந்துவிடும்.

"இன்னாமா இது? நல்லா ஓடிகினு இருந்தது தானா வுழுமா? காலையில மட்டும் கரெக்டா வுழுது. காண்ட்ராக்ட் பசங்களுக்கு பெர்மனென்ட் லிஸ்ட் லேட்டாவுதுன்னு கடுப்பு. எவனோ கை வைக்கிறான். யாருன்னு கண்டுபுடி."

கவனித்தீர்களா? என்ன கோளாறு என்று கண்டுபிடி என்று அவர் சொல்லவில்லை. யாரென்று கண்டுபிடி என்றார். மாரிசெல்விக்கு அந்த வித்தியாசம் உறைக்கவில்லை. அவள் மனதிலும் அதே கேள்விதான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் மாட்டியவன் டில்லிபாபு. வடக்குப்பட்டுப் பையன், எலக்ட்ரீஷியன். தண்டோரா விழுந்து அவள் ஓடும்போதெல்லாம் சர்வர் அறையிலிருந்து இவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருவான். ஒருநாள் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, ஏசிக்கு நேர் கீழே படுத்திருந்தான்.

"இன்னாக்கா இப்படி வந்து நிக்கிற, பயந்துட்டேன். ஷெட்ல தகரம் கொதிக்குது. இங்கதான் ஜில்லுனு கீது. சார்கிட்ட போட்டுக் குடுத்துடாதக்கா."

"தூங்கத்தான் வந்தியா?"

"பின்ன இன்னாத்துக்கு வருவாங்க இங்க? இந்தப் பொட்டிங்களப் பாத்தாலே தலைய சுத்துது."

அவள் நம்பவில்லை. அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை சாவி அவள் பையில், டில்லிபாபு கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டு, தண்டோரா தரையில். அதற்கப்புறமும் அவனிடம் சாவி கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இனி ஆளைப் பார்த்துப் பயனில்லை, தடயத்தைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தாள். தண்டோராவிடம் யார் வருகிறார்கள், எந்தக் கருவியிலிருந்து வருகிறார்கள் என்று பதிவாகும்படி செய்தாள். செய்த முதல் வேலை, தன் பெயரை அதிலிருந்து நீக்கியது. நாள் முழுக்கச் சரிபார்க்க உள்ளே போய் வருகிறவள் அவள்தானே, அந்தக் கூட்டம் குறுக்கே வந்து குழப்ப வேண்டாமென்று நினைத்தாள். நினைப்பில் குற்றமில்லை. அதை நீக்கியபின் மிஞ்சியதைப் பார்த்தாள். தண்டோரா விழுந்த ஒவ்வொரு காலையிலும், விழுவதற்குச் சற்று முன்னால் பதிவிலிருந்து வெளியே போய்த் திரும்பாமல் இருந்த கருவி ஒன்றே ஒன்றுதான். ஏழாம் நம்பர் டேப்லெட்.

ஏழாம் நம்பர் இசக்கியினுடையது. மாரிசெல்வி பதிவை மறுபடி ஒருமுறை முதலிலிருந்து பார்த்தாள்.

இசக்கி நாங்குநேரிப் பக்கம். மாரிசெல்வி ஊரிலிருந்து வந்த புதிதில் ஹாஸ்டல் அறையில் பக்கத்துப் பாய்க்காரி அவள். சோப்பு காணாமல் போன காலத்தில் தன் சோப்பை இரண்டாக வெட்டிக் கொடுத்தவள். மாரிசெல்வி படித்து, கல்யாணமாகி, மகள் நிலாவோடு படப்பையில் வீடு பிடித்துப் போய்விட்டாள். இசக்கி இன்னமும் ஹாஸ்டலில்தான் இருந்தாள். புருஷன் விட்டுப் போய்விட்டான். மகன் ஊரில் அவள் அண்ணன் வீட்டில் வளர்ந்தான். வேலையில் கெட்டிக்காரி, லைன் லீடர், ஆனால் இத்தனை வருஷமாகியும் காண்ட்ராக்ட். இந்த முறை பெர்மனென்ட் லிஸ்ட்டில் அவள் பெயர் முதலில் இருப்பதாகப் பேச்சு. அது வந்துவிட்டால் வீடு எடுத்து, மகனைக் கூட்டிவந்து இங்கேயே பள்ளியில் சேர்க்கலாம். அதைத்தான் அவள் கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மகனிடமும் சொல்லியிருந்தாள்.

சந்தேகம் மட்டும் ஒருதரம் உள்ளே வந்துவிட்டால், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். மாரிசெல்வி கேமராப் பதிவை ஓட்டி இசக்கியைக் கவனிக்கத் தொடங்கினாள். ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் இசக்கி தூணுக்குப் பின்னால் போகிறாள். டேப்லெட்டை மார்போடு சாய்த்துப் பிடித்து அவசரமாக என்னவோ அழுத்துகிறாள். யாராவது வந்தால் திரையைத் திருப்பிக்கொள்கிறாள். ஒருநாள் சற்று சீக்கிரமே வந்துவிட்ட மாரிசெல்வி நேரே போய் நின்றாள்.

"என்னளா செய்யுத இங்க நின்னு?"

இசக்கி திடுக்கிட்டாள். "ஒண்ணுமில்லளா. சார்ஜ் இருக்கான்னு பாத்தேன்."

சார்ஜ் முழுசாக இருந்தது. பொய் சொல்கிறாள் என்று மாரிசெல்விக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து பழைய சங்கதிகள்கூட வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. போன மாதம் ஊருக்குப் போய் வந்தவள் எனக்கு மட்டும் எதற்கு அல்வா கொண்டுவந்தாள்? காலையில் என்னைப் பார்த்ததும் எதற்குச் சிரிக்கிறாள்? நான் சிஸ்டத்தில் இருப்பதால் என்னைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாளா? அல்வா தின்றபோது இனித்தது, இப்போது நினைத்தால் கசந்தது. நேரே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று அவளுக்குள் இருந்த போலீஸ்காரி தடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒருநாள் நிலாவின் பள்ளி வேன் இனி வரவே வராது என்று நினைக்கும்படி தாமதமாக வந்தது. பிள்ளையை ஏற்றிவிட்டு மாரிசெல்வி படப்பையில் ஷேர் ஆட்டோ பிடித்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து, வேர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்து லேப்டாப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் தண்டோரா விழுந்தது. லைன் நின்றது. முனிரத்தினம் அறைக்குப் போனபோது அவர் போனில் கார் கம்பெனிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, "யாரு?" என்றார்.

"ஏழாம் நம்பர் டேப்தான் சார், ஒவ்வொரு தடவையும். இசக்கி ஷிஃப்ட் ஆரம்பிக்கிறப்ப மறைவாப் போய் என்னமோ பண்றா. என்ன பண்றான்னு இன்னும் எனக்குத் தெரியல."

கடைசி வாக்கியம் அவர் காதில் விழவில்லை. விழுவதற்குள் செக்யூரிட்டியைக் கூப்பிட்டிருந்தார். லைனில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க இசக்கியை அழைத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்ற மாரிசெல்வியை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

பறித்து வந்த டேப்லெட்டைச் சோதிக்கச் சொல்லி மாரிசெல்வியின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் திரையைத் தொட்டாள். விளக்கு வந்தது.

'வணக்கம், மாரிசெல்வி. காலை ஷிஃப்ட். வருகை: சரியான நேரம்.'

அடிப்பாவி, என் பெயரை வைத்தே விளையாடியிருக்கிறாளே, மாட்டினால் நான் மாட்டட்டும் என்றுதானே! இதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. குணம் அப்படி. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே தேடினாள். வேறு எதையாவது தொட்டிருக்கிறாளா, அழித்திருக்கிறாளா, யாருக்காவது அனுப்பியிருக்கிறாளா? எதுவுமே இல்லை. வருகையைப் பதிந்ததைத் தவிர இசக்கி ஒன்றையும் செய்யவில்லை. அந்த வருகை பதிவான நேரத்தில் மாரிசெல்வி ஒரகடம் ஜங்ஷனில் லாரிக்குப் பின்னால் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கம்பெனியில் எல்லோரும் ஷிஃப்ட் தொடங்கும்முன் டேப்லெட்டிலோ லேப்டாப்பிலோ தங்கள் எண்ணையும் ரகசிய எண்ணையும் போட்டு வருகையைப் பதிய வேண்டும். தாமதமானால் அரை நாள் சம்பளம் போய்விடும். அதற்கு லைனில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் தென்மாவட்ட பஸ் வந்து நின்றதும், ஏறுகிறவனுக்கு முன்னால் ஜன்னல் வழியாகத் துண்டு போய் சீட்டில் விழுமே, அது மாதிரி. முதல் பஸ்ஸில் வந்தவர்கள், டிராஃபிக்கில் மாட்டிய பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பதிந்துவிடுவார்கள். துண்டு போடுவது என்றே அதற்குப் பெயர். லைனில் இருந்த காலத்தில் மாரிசெல்வியும் போட்டிருக்கிறாள். ஆபீஸுக்கு வந்தபின் மறந்துவிட்டாள்.

அவளுடைய ரகசிய எண் இசக்கிக்கு எப்படித் தெரியும்? அவளேதான் சொன்னாள். போன வருஷம் நிலாவுக்கு டெங்கு வந்து தாம்பரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கம்பெனியில் அவள் பெயரில் அவசரமாக ஒரு சேதிக்குப் பதில் போட வேண்டியிருந்தது. உலகத்தில் யாரையும் நம்பாதவள் அன்று இசக்கிக்குத்தான் போன் செய்து எண்ணைச் சொன்னாள். பிறகு அதை மாற்றவும் இல்லை. பள்ளி திறந்ததிலிருந்து எத்தனையோ நாள் தாமதமாக வந்தும் தனக்கு ஒரு அரை நாள்கூடப் போகவில்லையே என்றும் யோசிக்கவில்லை. நமக்குச் சாதகமாக வருகிற கணக்கை யார் உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள்?

மாரிசெல்வி டேப்லெட்டுக்குப் பக்கத்தில் தன் லேப்டாப்பை வைத்தாள். இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கியது. தண்டோராவில் ஒரு பெயருக்கு ஒரு இடம்தான். அதே பெயரில் இன்னொருவர் வந்தால் பழைய ஆளைத் தள்ளிவிட்டுப் புது ஆளை உட்காரவைக்கும். லேப்டாப்பில் இருந்த மாரிசெல்வி வந்து டேப்லெட்டில் இருந்த மாரிசெல்வியைத் தள்ளினாள். தள்ளப்பட்டால் உடனே திரும்ப வா என்றுதான் டேப்லெட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அது வந்து லேப்டாப்பைத் தள்ளியது. லேப்டாப்பும் விடவில்லை. தள்ளுமுள்ளில் ஒவ்வொரு தடவையும் தண்டோரா சேர்த்து வைத்த சேதியையெல்லாம் முதலிலிருந்து எடுத்து நீட்டியது. கடைசியில் தாங்காமல் விழுந்தது. அவள் வருவதற்குள் இசக்கி டேப்லெட்டைத் தன் பெயருக்கு மாற்றிவிட்ட நாளில் விழவில்லை. லைன் வேலையில் மாற்ற மறந்த நாளில் விழுந்தது. கம்பெனி முழுக்கத் தேடிய ஆள் மாரிசெல்விதான். பதிவிலிருந்து அவள் நீக்கியதும் அந்தப் பெயரைத்தான்.

இரண்டையும் தூக்கிக்கொண்டு முனிரத்தினம் அறைக்கு ஓடினாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கத்து ஊருங்க. காலையில அவ பேரச் சொன்ன. இப்ப அவ மூஞ்சியப் பாத்ததும் மனசு இளகிட்ச்சி. கதை சொல்றியாம்மா?"

"இல்ல சார். நீங்களே பாருங்க."

அவர் கண்ணெதிரே இரண்டிலும் தன் பெயரைத் திறந்து வைத்தாள். லேப்டாப் 'நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்' என்றது. உடனே டேப்லெட் அதையே சொன்னது. மாறி மாறிச் சொல்லின. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே டிவி போர்டுகள் உறைந்து நின்றன. லைன் நின்றது. முனிரத்தினம் எழுந்து நின்று பார்த்தார்.

"சரி. சதி ஒண்ணும் இல்ல. ஆனா அடுத்தவ பேர்ல அட்டெண்டன்ஸ் போட்டது போட்டதுதானே?"

"எனக்குத்தான் சார் போட்டா. லேட்டா வந்தது நான். தப்பு என் மேல."

"நீ போடச் சொன்னியா?"

வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்தவருக்காக ஒரு பொய் அவள் வாயில் வந்தது. "ஆமா சார். நான்தான் சொன்னேன்."

முனிரத்தினம் அவளையே பார்த்தார். "காலையில, என்ன பண்றான்னு தெரியலன்னு என்கிட்ட சொன்னது யாரு?"

அட, அந்த வாக்கியம் அவர் காதில் விழத்தான் செய்திருக்கிறது. மாரிசெல்வி கெஞ்சினாள், அழுதாள், அரை நாள் என்ன, ஒரு மாதச் சம்பளத்தையே பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். பெர்மனென்ட் ஆளான அவளுக்கு ஒரு மெமோ கிடைத்தது. காண்ட்ராக்ட் ஆளுக்கு மெமோவெல்லாம் கிடையாது. இசக்கி அன்றோடு வரவேண்டாம் என்று காண்ட்ராக்டரிடம் ஒரு போனில் சொல்லிவிட்டார்கள். தள்ளப்பட்ட கருவி கொஞ்சம் பொறுத்துத் திரும்ப வரும்படி மாரிசெல்வி அன்று மத்தியானமே மாற்றியமைத்தாள். அதற்குப் பிறகு தண்டோரா விழவே இல்லை.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்கு இசக்கி நின்றிருந்தாள். கையில் டிபன் பையும், லாக்கரிலிருந்து எடுத்த செருப்பும் இருந்தன. மாரிசெல்வி கிட்டே போய் நின்றாள்.

"மகன்ட்ட என்னன்னு சொல்லுவ?"

"அடுத்த வருசம்னு சொல்லுவேன். அவனுக்குப் பழக்கம்தான்."

"ஏன்ளா எங்கிட்டச் சொல்லல? ஒனக்குத் துண்டு போடுதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? எல்லாரையும் சந்தேகப்பட்டுட்டுக் கெடந்தேனே."

"சொல்லியிருந்தா நீ என்ன கேட்டிருப்ப?"

இசக்கியே அதற்குப் பதிலும் சொன்னாள்.

"எதுக்குச் செய்யுத, எங்கிட்ட ஒனக்கு என்ன வேணும்னு கேட்டிருப்ப. கேட்டிருப்பியா, மாட்டியா?"

"கேட்டிருப்பேன்."

"அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லளா. புள்ளைய வேன்ல ஏத்திட்டு ஓடி வாரா, அவளுக்கு ஏன் அரை நாள் போகணும்னு தோணிச்சு. போட்டேன். வேற ஒண்ணும் கெடையாது. இதச் சொன்னா நீ நம்பவா போற? அந்தப் பயத்துலதான் தூணுக்குப் பின்னால போய் நின்னேன்."

மாரிசெல்விக்கு அடக்கிவைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். "இப்ப நம்புதேன் இசக்கி" என்றாள்.

"இப்ப அத வச்சு நான் என்ன செய்ய?" என்றாள் இசக்கி. கோபமாகச் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோ வந்து நின்றதும் பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உள்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.